நாய் சொல் கேட்கிறது, வீடு கேட்கவில்லை: களுவாஞ்சிகுடித் தம்பிக்கு ஒரு பதில்

களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். கொழும்புப் பக்கத்தில் ஒரு நாய்ப் பண்ணையில் ஒன்றரை வருடம் வேலை பழகிவிட்டு ஊர் திரும்பி, நாய் பழக்குவதையே தொழிலாக எடுத்திருக்கிறார். இதுவரை ஐந்து நாய்களைத் தன் வளவில் மும்மூன்று வாரம் வைத்துப் பழக்கிக் கொடுத்திருக்கிறார். அவருடைய கையில் ஐந்தும் சொன்ன சொல்லைக் கேட்டன. வீடு போய்ப் பத்து நாளுக்குள் நான்கு பழையபடி ஆகிவிட்டன. கடைசியாகக் கொடுத்த அல்சேஷனின் வீட்டுக்காரர் மீதிப் பாதிக் காசைத் தர மாட்டேன் என்கிறார். "நாயைத் திருத்தலாம், வளர்ப்பவரைத் திருத்த முடியவில்லையே, என்ன செய்வது?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு பதினாறு வருடமாக இந்தத் தொழிலைச் செய்கிறேன். முதல் இரண்டு வருடமும் நீங்கள் சொல்லும் இதே குறையைத்தான் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான், குறை வளர்ப்பவர்களிடம் இல்லை, நாயை அவர்களுடைய வளவிலிருந்து பிரித்தெடுத்து என் வளவில் வைத்துப் பழக்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது விளங்கியது. மனிதப் பிள்ளை வீட்டில் படித்த வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூடத்திலும் ஒப்புவிக்கும். நாய் அப்படிப் படிப்பதில்லை. உங்கள் வளவில், உங்கள் குரலில், காலை ஆறு மணிக்கு, கையில் ஈரல் துண்டு இருக்கும்போது "இரு" என்ற சொல்லுக்கு அது இருக்கப் பழகியிருக்கிறது என்றால், அந்த இடமும் குரலும் நேரமும் ஈரலும் எல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு அந்தச் சொல். வீட்டுக்காரருடைய படலைக்கு முன்னால், அவருடைய குரலில், வீதியில் மோட்டார் சைக்கிள் போகும்போது சொல்லப்படும் "இரு" அதற்குப் புதிய சொல்லாகவே காதில் விழுகிறது. ஆகவே அந்த நான்கு நாய்களும் படித்ததை மறந்துவிடவில்லை. அந்த வீடுகளில் அவற்றுக்கு அதை யாரும் படிப்பிக்கவில்லை.

இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. 1898 இல் எட்வர்ட் தோர்ண்டைக் என்பவர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் தட்டி வெளியே வரக் கற்றுக்கொள்வதைப் பார்த்து, பயன் தந்த செயல் திரும்ப வரும், பயன் தராத செயல் மெல்ல மறையும் என்று எழுதினார். அவருக்குப் பின் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் கண்டது நமக்கு இன்னும் முக்கியமானது: ஒவ்வொரு தடவையும் பயன் தந்த பழக்கத்தை விட, எப்போதாவது ஒரு தடவை மட்டும் பயன் தரும் பழக்கம்தான் விட்டுப்போக மிக நீண்ட நாள் எடுக்கிறது. லொத்தர் சீட்டு வாங்குகிறவரைப் பாருங்கள். இருபது தடவை விழாவிட்டாலும் இருபத்தோராவது சீட்டை வாங்குவார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் குரைக்கும் நாயை ஆறு நாள் கவனியாமல் விட்டுவிட்டு, ஏழாம் நாள் விருந்தாளிக்கு முன்னால் வெட்கமாக இருக்கிறதே என்று ஒரு மீன் தலையை எறிகிற வீட்டில், அந்த நாய்க்கு வீட்டுக்காரர் விற்பதும் லொத்தர்தான். அவர் அதை அறிந்து செய்வதில்லை. அறியச் செய்வது நம்முடைய வேலை.

இப்போது உங்கள் கேள்விக்கான விடையின் நடுப் பகுதிக்கு வருகிறேன். நம் பகுதியில் உங்களை அழைத்துக் காசு கொடுப்பவர் ஒருவர், நாய்க்குச் சோறு வைப்பவர் வேறொருவர். ஆரையம்பதியில் ஒரு வீடு; மகன் கட்டாரில் வேலை செய்கிறான்; வயதான தாய் தகப்பன் தனியே இருக்கிறார்களே என்று ஒரு அல்சேஷன் குட்டியை வாங்கி அனுப்பியிருக்கிறான். பேசி என்னை அழைத்தது மகன், முன் மண்டபத்தில் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டியது தகப்பன். நான் நான்கு தடவை போய் அவரிடம் கயிற்றைக் கொடுத்துப் பழக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் தடவை கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். குசினிக் கதவடியில் அம்மா நின்று, "வா மகன், வா, வந்து தின்னு" என்று சொல்லிச் சோற்றைக் குழைத்துப் போட, அந்த நாய் வாலைக் குழைத்துக்கொண்டு, நான் நான்கு கிழமையாகப் பழக்க முடியாத ஒழுங்கோடு வந்து நின்றது. அந்த வீட்டில் நாயைப் பழக்குபவர் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். எனக்குத்தான் கண் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "இதற்குச் சோறு வைப்பது யார்?" என்பதுதான். அந்த ஆள் குசினிக்குள் இருந்தால் குசினி வாசலில்தான் பயிற்சி. அவர் அம்மம்மாவாக இருந்தால் அம்மம்மாதான் என் மாணவி. கதிரையில் இருப்பவரைத் தவிர்க்க வேண்டாம், அவரிடமும் மரியாதையாகக் கதைத்து அனுமதி வாங்குங்கள். பயிற்சியை மட்டும் சோறு வைப்பவரிடம் கொடுங்கள்.

அந்த வீட்டிலேயே சொற்களைப் பற்றியும் படித்தேன். பண்ணையில் நீங்கள் சிட், ஸ்டே, கம் என்று பழக்கியிருப்பீர்கள். அறுபது வயது அம்மா அந்தச் சொற்களை வாய் கூசாமல் சொல்லப் போவதில்லை; பேரப்பிள்ளை ஒரு விதமாகவும் தகப்பன் ஒரு விதமாகவும் சொல்வார்கள். இரு, வா, நில், விடு என்ற நான்கும் குறுகிய சொற்கள், நாய்க்கு நன்றாகக் கேட்கும். ஆனால் "வா" என்பது வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தும் நாள் முழுக்கச் சொல்லப்படும் சொல் என்பதால், பல வீடுகளில் நாய் அதைக் காற்றுச் சத்தம் போல விட்டுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் நாயின் பெயரோடு சேர்த்து, அல்லது அம்மா வழமையாகச் சோற்றுக்குக் கூப்பிடும் அதே ராகத்தில், ஒரே மாதிரிக் கூப்பிடச் சொல்லுங்கள். இன்னும் நல்லது கைச் சைகை. நாய்கள் வாய்ச் சொல்லைவிட உடம்பின் அசைவைத்தான் விரைவாகப் படிக்கின்றன. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னாலும் கை ஒரே மாதிரி உயர்ந்தால் நாய் குழம்பாது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தொடங்கிய காலத்தில், கல்முனைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு ரொட்வீலர் யாருக்கும் அடங்காமல் நின்றது. நான் கயிற்றை வாங்கிப் பத்து நிமிடத்தில் அதை இருக்கவும் படுக்கவும் வைத்தேன். மனைவி பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்காரருடைய முகம் மட்டும் கறுத்துப்போனது. "உங்களுக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது" என்று சொன்னார். அடுத்த கிழமை போனை எடுக்கவில்லை. அவருடைய சொந்த வளவில், அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால், அவரை நான் தோற்கடித்திருந்தேன். இப்போது முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் கயிறு என் கையில் இருப்பதில்லை. நாய் சரியாகச் செய்தால் நாயைப் புகழ்வதற்கு முன்னால், "நேரத்துக்குக் கொடுத்தீர்கள், ஐயா" என்று வளர்ப்பவரைப் புகழ்கிறேன். நாய்க்கு ஒரு செயல் முடிந்து ஒன்றிரண்டு செக்கனுக்குள் தீன் கிடைத்தால்தான் எதற்குக் கிடைத்தது என்று விளங்கும். மனிதருக்கும் பாராட்டை அடுத்த கிழமைக்கு வைத்திருக்கக் கூடாது.

முதல் நாள் போகும்போது நாயைப் பார்ப்பதற்கு முன்னால் அரை மணித்தியாலம் கதையுங்கள். உங்களுடைய பாடத்திட்டத்தை விரிக்க வேண்டாம். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கை கொடுக்கும் நாயை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. இரவில் அந்நியர் வந்தால் குரைக்க வேண்டும், உறவுக்காரர் வந்தால் பாயக் கூடாது, கோழியைப் பிடிக்கக் கூடாது, படலை திறந்ததும் வீதிக்கு ஓடக் கூடாது: பெரும்பாலும் இவ்வளவுதான். இதில் கடைசிக் குறைக்குப் படலையில் ஒரு நல்ல கொளுக்கி போடுவது பயிற்சியை விட மலிவு, அதை முதலில் சொல்லிவிடுங்கள். காசு வாங்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே மற்றவற்றை நம்பிக் கேட்பார்கள். வேலி பிய்ந்திருக்கிறதா, நாய் நாள் முழுக்கச் சங்கிலியில் நிற்கிறதா, சங்கிலி எட்டும் தூரத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கின்றனவா என்பதையும் கதைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். காலையிலிருந்து இரவு வரை கட்டி நிற்கும் நாய்க்கு எதிரே வருவதெல்லாம் எட்டாத பொருள். அந்த ஆத்திரத்தைத்தான் பலர் காவல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சிலர் நேராகவே, "கடிக்கிற நாயாக ஆக்கித் தாருங்கள்" என்பார்கள். நான் அந்த வேலையை எடுப்பதில்லை; எடுக்காததற்குக் காரணத்தை அவர்களுடைய பக்கத்தில் நின்றுதான் சொல்லுவேன். கள்ளன் வருவது வருடத்தில் ஒரு நாள், தபால்காரரும் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் வருவது ஒவ்வொரு நாளும். கடித்தால் ஆஸ்பத்திரிக்கு அலைவதும் நட்டஈடு கொடுப்பதும் வளர்ப்பவர்தான். கள்ளன் பயப்படுவது பல்லுக்கு அல்ல, சத்தத்துக்கு என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தடியைப் பற்றிய கதைதான் கடினமானது. நம் தகப்பன்மார் நாயை மட்டுமல்ல, நம்மையும் தடியால் வளர்த்தவர்கள். ஒரு பெரியவரிடம் போய் "அடிக்கக் கூடாது" என்று சொன்னால், அவருடைய முழு வாழ்க்கையையும் பிழை என்று சொல்வது போலக் கேட்கும். "நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்" என்ற வாதமும் வரும். அந்த வாதத்தின் வேர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1947 இல் ருடோல்ஃப் ஷெங்கெல் என்பவர் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காகச் சண்டை பிடிப்பதை எழுதினார். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் 1970 இல் எழுதிய நூலில் அந்தக் கருத்தைப் பரப்பினார். பிறகு காட்டு ஓநாய்களைப் பல கோடை காலங்கள் நேரில் பார்த்த அதே மெக், 1999 இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம்தான், தலைமைப் போட்டி என்ற பேச்சு அங்கே பொருந்தாது என்று திருத்தி எழுதினார். நாய் ஓநாயும் அல்ல. ஆனால் இந்தச் சரித்திரத்தைப் பெரியவரிடம் விரித்துரைத்து வெல்லப் பார்க்க வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான்: "ஏழு நாள் மட்டும் தடியை மேலே செருகி வைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள் ஐயா, சரிவராவிட்டால் பிறகு பார்ப்போம்." அந்த ஏழு நாளும் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், நாய் பாயும்போது திரும்பி நிற்பது, நான்கு காலும் நிலத்தில் பட்டதும் அவித்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுப்பது. ஒரு துண்டு கடலைப் பருப்பளவு போதும். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

ஒரு விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நாய் உறுமினால் அதற்கு அடிப்பதை அன்றே நிறுத்தச் சொல்வேன். உறுமல் என்பது கடிக்கு முன் வரும் எச்சரிக்கை. அடித்து அடித்து அதை அடக்கிய நாய் சத்தமில்லாமல் கடிக்கும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று கொண்டுவரப்படும் நாய்களில் பலவற்றின் கதையைப் பொறுமையாக விசாரித்தால், உறுமிய காலம் ஒன்று இருந்து அது அடித்து நிறுத்தப்பட்டிருப்பது தெரியவரும்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லாததால் எத்தனையோ வீடுகளை இழந்திருக்கிறேன். இதுவரை பயன் தந்த பழக்கத்துக்குப் பயன் நின்றுபோனால் நாய் அதை உடனே விடாது. முதலில் கூட்டிச் செய்து பார்க்கும். சாப்பாட்டு மேசையடியில் தீன் கொடுப்பதை நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் குரைப்பு இரட்டிப்பாகும், சிலது காலால் பிறாண்டும். வளர்ப்பவர் "இவர் வந்து கெடுத்துவிட்டார்" என்று முடிவு செய்வதும் மீன் தலையை எறிவதும் சரியாக அந்த நாளில்தான், அதாவது பழக்கம் உடையப் போகும் நேரத்தில்தான். இதை முதல் நாளே சொல்லிவைத்தால், குரைப்பு கூடியதும் அவர்கள் உங்களுக்குப் போன் எடுத்து, "நீங்கள் சொன்ன மாதிரியே செய்கிறது" என்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் எடுபடும்.

கட்டாரிலோ சுவிஸிலோ இருக்கும் மகனை வெறும் காசு அனுப்புபவராக வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா நாயை இருக்க வைக்கும் ஒரு நிமிட வீடியோவை வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மகனுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சி நடக்கும். மற்ற நாட்களுக்கு, சுவரில் தொங்கும் கலண்டரில் ஒரு புள்ளடி. சோறு வைக்கும் நேரத்தோடு சேர்த்து மூன்று நிமிடம், அதற்கு மேல் கேட்க வேண்டாம். "தினம் அரை மணித்தியாலம்" என்று எழுதிக் கொடுத்தால் ஒரு நாளும் நடக்காது.

காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று எல்லைகளில் வேலை செய்பவர் அயலவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் முஸ்லிம் அயலவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நாயின் எச்சில் பட்டால் அந்த இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால், கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய முறை. தொழுகைக்குப் போகும் ஒருவர் மேல் உங்கள் மாணவ நாய் அன்பாகப் பாய்ந்து நக்கினால்கூட, அவர் திரும்பிப் போய்க் கழுவி உடுப்பு மாற்ற வேண்டிவரும். ஆகவே அந்த எல்லைகளில் அதிகாலையிலும் மாலை பாங்கு சொல்லும் நேரத்திலும் நாயை வீதியில் நடத்துவதில்லை. நடத்தும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, எதிரே ஆள் வந்தால் ஓரமாக இருத்திவிடச் சொல்லிக் கொடுக்கிறேன். இதை வளர்ப்பவரிடம் மரியாதையாக விளக்கினால் வேலிச் சண்டைகள் பல தானே குறைகின்றன. வயலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் காவலாக நாய் வைத்திருப்பதற்கு அவர்களுடைய மார்க்கத்தில் அனுமதி உண்டு. சம்மாந்துறைப் பக்கத்து வயல் வாடிகளிலிருந்து என்னைக் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

உடம்பு சரியில்லாத நாயைப் பழக்க முடியாது. நல்ல நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் முதலில் மிருக வைத்தியர், பிறகுதான் நாம். காதுப் புண்ணும் இடுப்பு நோவும் பல "கெட்ட குணங்களுக்கு" காரணம். விசர்நோய்க்கென 1893 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்ட நாடு இது; ஆனாலும் தடுப்பூசி அட்டை இல்லாத நாய்கள் இன்னும் நம்மிடம் வருகின்றன. அட்டையைப் பார்க்காமல் கயிற்றைத் தொடாதீர்கள். நீங்களும் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். போட்டிருந்தாலும், கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டும் வேலை செய்யுங்கள். தார் வீதியில் உங்கள் வெறும் பாதத்தை வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தையும் வைக்கக் கூடாது.

இனிக் காசு. நாயை எடுத்து வந்து வைத்துப் பழக்குவதை நிறுத்திவிட்டு, ஆறு தடவை வீட்டுக்குப் போவது, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணித்தியாலம், அந்தந்தத் தடவைக்கு அன்றே காசு என்று மாற்றிக்கொள்ளுங்கள். எதைப் பழக்குவீர்கள், எதைப் பழக்க மாட்டீர்கள், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். "நூறு வீதம் திருந்தும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அந்த அல்சேஷன் வீட்டுக்காரருடைய பாதிக் காசைப் பற்றிப் போனில் வாதாட வேண்டாம், தம்பி. நாயைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லி, அவர் வீட்டில் நிற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு வைக்கும் நேரத்துக்குப் போங்கள். கோப்பையைக் கொண்டுவருவது யார் என்று பாருங்கள். அந்த ஆளின் கையில் கோப்பை இருக்கும்போதே, கையை உயர்த்தி "இரு" என்று சொல்லி, நாய் இருந்த பிறகு கோப்பையை நிலத்தில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். பழக்கும்போது நீங்கள் அந்தச் சைகையைக் காட்டியிருந்தால், அது உங்களிடம் மூன்று வாரம் பார்த்த சைகை, ஆகையால் சில முயற்சிக்குள் இருந்துவிடக் கூடும். மூன்று ஞாயிறு இப்படிப் போய் வாருங்கள்; காசைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கலாம், அல்லது அவரே அந்தப் பேச்சை எடுப்பார்.